நரகத்துக்கு வெள்ளையடித்த கதை

செஞ்சியில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் நான் நரகத்துக்கு வெள்ளையடித்திருக்கிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. ஏணி போட்டு ஏறி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுண்ணாம்பு மட்டையால் இரண்டு பூச்சு அடித்தேன். யாரும் கூலி கொடுக்கவில்லை. யாரும் அடிக்கச் சொல்லவும் இல்லை. உலகத்தில் அன்பு பெருகட்டும் என்று நானாகவே செய்தேன். பெருகியதா என்று கேட்காதீர்கள். சுண்ணாம்பு பட்டு என் விரலிடுக்குகளில் தோல் உரிந்தது. எனக்கு உறுதியாகத் தெரிந்த பலன் அது ஒன்றுதான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் கிறிஸ்தவ சபை சின்னது. திருவண்ணாமலை ரோட்டில் ஓடு போட்ட ஒரு கோயில்; வாசலில் நின்று பார்த்தால் ராஜகிரிக் கோட்டை முழுசாகத் தெரியும். உள்ளே ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகப் பாயில் உட்காருவோம். பெண்கள் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய படம் இருந்தது. ஒரே பாதை நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று மோட்சத்துக்கும் மற்றது நரகத்துக்கும் போகிற படம். நான் அந்த ஊருக்கு மாற்றலாகி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் போதகர் எழுதவைத்தது. எழுதியவர் பஜாரில் கடைகளுக்கு போர்டு எழுதுகிற பெயிண்டர். அவர் மோட்சத்தைப் பார்த்ததில்லை. ஆகவே தினமும் பார்க்கிற ராஜகிரியையே எழுதிவிட்டார். அதே படிக்கட்டு, அதே மதில், அதே உச்சி. உச்சி வாசலில் இரண்டு தேவதூதர்கள், டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழிப்பவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். மோட்சம் பிரசங்க மேடைப் பக்கம்; நரகம் பின்கடைசியில், செருப்பு விடுகிற இடத்தை ஒட்டி இருந்தது.

பெயிண்டருக்கு ஒரு பழக்கம். ஆள் எதிரில் உட்காராமல் அவருக்கு முகம் வராது. மோட்சத்துக்கு உட்காருகிறேன் என்று சபையில் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்களாம். கமிட்டி மெம்பர்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். நரகத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. வாரக்கணக்கில் வெறும் நெருப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்ததாம். கடைசியில் ஒரு வண்டிக்காரர்தான் முன்வந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை ஏற்றி மார்க்கெட்டுக்கு அடிக்கிற மாட்டுவண்டிக்காரர், எங்கள் சபைதான், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கோயிலுக்கு வருவார். மற்ற நாட்களில் அவருக்கு வேறு ஜோலி இருந்தது. அப்போது மதுவிலக்கு, குடிக்க நினைப்பவன் அதற்காகப் பாடுபட வேண்டும். அவர் பாடுபட்டார். “நான் எப்படியும் அங்கதான போவப் போறேன், இப்பவே உக்காந்து எடம் புடிச்சி வச்சிக்கிறேன்” என்று சொல்லி, பெயிண்டர் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்தாராம். தாகத்தில் வாயைப் பிளந்து நிற்கிற பாவி வேண்டும் என்பது போதகரின் உத்தரவு. அந்த முகபாவத்துக்கு அவர் புதிதாகப் பழக வேண்டியிருக்கவில்லை.

அந்த முகம் அப்படியே வந்துவிட்டது. மோட்சத்தில் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தார்கள். ஆணா பெண்ணா என்பதையே கொண்டையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நரகத்து மனிதர் மட்டும் அவரேதான். ஒரு பக்கம் தூக்கின புருவம், உடைந்த பல், எல்லாம் அச்சு அசல்.

போதகர் நல்ல மனிதர். பிரசங்கத்தில் மட்டும் நரகம்தான். நீளமாக ஒரு மூங்கில் குச்சி வைத்திருப்பார். சுவரோரமாக நடந்துகொண்டே படத்தைக் காட்டிக் காட்டிப் பேசுவார். பேச்சு சூடு பிடித்ததும் குச்சி தானாகவே போய் வண்டிக்காரர் தலையில் டொக் டொக் என்று தட்டும். வண்டிக்காரர் கோயிலில் இருக்கிற நாட்களில், ஆண்கள் பக்கம் கடைசிப் பாயில் உட்கார்ந்து, தட்டுகிற ஒவ்வொரு தடவையும் தன் தலையைத் தடவிக்கொள்வார். பிள்ளைகள் சிரிக்கும். போதகருக்கே சிரிப்பு வந்துவிடும்.

அப்புறம் மஞ்சள் காமாலையில் வண்டிக்காரர் போய்விட்டார். குச்சிக்கு அது தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே இடத்தில் தட்டியது. அவருடைய மனைவி படத்துக்கு நேர் கீழே, நரகத்தை ஒட்டினாற்போல உட்கார்ந்திருந்தார். இத்தனைக்கும் முன்வரிசைப் பாய்கள் காலியாகத்தான் இருந்தன. அண்ணாந்து புருஷனைப் பார்ப்பதும் முந்தானையால் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தார். வாரா வாரம் இதே காட்சி. எனக்கு ரத்தம் கொதித்தது.

கொதிக்கிற வயசு. தவிர, நான் படித்தவன். மதராஸில் பி.ஏ. முடித்துவிட்டு மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களாக வாங்கிக் குவித்து, வேதசாஸ்திரத்தில் ஒரு அரைகுறைப் பண்டிதனாகியிருந்தேன். கடவுள் அன்பானவர் என்றால் நரகம் எதற்கு என்ற கேள்வி உலகத்தில் முதல்முதலாக எனக்குத்தான் தோன்றியது என்று நம்பிக்கொண்டிருந்தேன். சபைக் கமிட்டிக்கு என்னைச் செயலாளராக வேறு போட்டிருந்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பது காரணம்.

கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். கிறிஸ்தவ சபைகள் இனிமேல் நரகத்தைப் பற்றிப் பேசுவதை விட்டு அன்பைப் பேச வேண்டும். பயத்தால் வருகிற பக்தி, ஜப்தி செய்ய அமீனா வருகிறார் என்று கேள்விப்பட்டதும் வருகிற பக்தி மாதிரிதான். ஒரு விதவையின் தலைக்கு மேல் அவள் புருஷனை வாரா வாரம் எரிப்பது எந்த வேதத்தில் சேர்த்தி என்றெல்லாம் கேட்டேன். நன்றாகப் பேசினேன் என்று எனக்கு அப்போதும் அபிப்பிராயம், இப்போதும் அபிப்பிராயம். கமிட்டி மெம்பர்கள் சுவரில் இருந்த தங்கள் மோட்சத்தைக் கவலையோடு பார்த்துக்கொண்டார்கள். முழுப் படமும் போய்விடுமோ என்ற பயம்.

போதகர் கோபப்படவில்லை. “தம்பி, கண்ணு தெரியாதவன் கெணத்தாண்ட நடந்து போறான்னா கத்தத்தான் செய்வோம். கத்தறதுல அன்பு இல்லன்னு சொல்றியா?” என்று கேட்டார்.

“கத்தலாம் ஐயா. விழுந்தவன் தலையில் குச்சியால் தட்டக் கூடாது” என்றேன்.

 போதகர், யோசிக்கலாம், தான் வேலூர் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து முடிவு செய்யலாம் என்றார். தாலுகா ஆபீஸில் யோசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவர் பஸ் ஏறியதும் நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கோயிலுக்கு வெள்ளையடிப்போம். படம் இருக்கிற சுவரை மட்டும் விட்டுவிடுவோம். இந்த வருஷம் விடுவதில்லை என்று தீர்மானித்தேன். மோட்சத்தைத் தொட எனக்கும் தைரியம் இல்லை. அதில் எங்கள் பொருளாளரின் மாமியார் இருந்தார். நரகத்தை மட்டும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் ‘அன்பு’ என்று பெரிதாக எழுதவைப்பது என் திட்டம்.

சுண்ணாம்பு வாங்கப் பஜாருக்குப் போனேன். கடைக்காரர் ஜைனர், எனக்குச் சிநேகிதர். இத்தனை சுண்ணாம்பு எதற்கு என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்.

“ஒரே ஒரு நரகந்தானே, இது போதும்” என்று எடை போட்டுக்கொண்டே சொன்னார். “எங்களுக்கு ஏழு இருக்குது. அடிக்கணும்னா வண்டியிலதான் ஏத்தணும். ஆனா ஒண்ணு சார், எங்களுதுல எத்தினி காலம் ஆனாலும் ஒரு நாள் வெளிய வுட்டுடுவாங்க. உங்களுதுல உள்ள போனா போனதுதானாமே?”

எங்கள் ஆபீஸுக்குள் போன மனு மாதிரியே என்று சொல்ல நினைத்தேன். எனக்குப் பின்னால் தாசில்தாரின் டவாலிச் சேவகர் நின்றுகொண்டிருந்ததால் சொல்லவில்லை.

பெயிண்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். “சார், என் ஆயுசுல மூஞ்சி சரியா வந்தது அது ஒண்ணுதான். அத்தப் போயி அடிக்கறன்றியே” என்றார். கலைஞனின் ஆணவம் என்று அதை வகைப்படுத்திக்கொண்டேன். அன்பைப் பற்றி அவருக்கு ஒரு சின்னச் சொற்பொழிவு செய்தேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதனால்தான் மட்டையை நானே எடுத்தேன்.

முதல் பூச்சை வண்டிக்காரர் முகத்திலேயே ஆரம்பித்தேன். விதவையின் துயரத்தை முதலில் துடைக்க வேண்டும் அல்லவா. பூச்சு காய்ந்ததும் சுவர் முழுக்க ரோஜா நிறத்தில் நெருப்பு தெரிந்தது. ஒரு பூச்சுக்கு நரகம் அடங்குவதாக இல்லை. இரண்டாவது பூச்சில் அடங்கியது. பெயிண்டர் திரும்பி வந்து, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, ‘அன்பு’ என்று நீல நிறத்தில் எழுதினார். எழுத்து அழகாகத்தான் இருந்தது. என்ன, கடை போர்டு எழுதிப் பழகிய கை. கீழே இரண்டு கோடும் ஓரத்தில் ஒரு பூவும் போட்டுவிட்டார். அங்கே ஜவுளி கிடைக்கும் போலத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போதகர் முதல்நாள்தான் வேலூரிலிருந்து திரும்பியிருந்தார். உள்ளே வந்து சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவர் சொல்கிறபடியே அன்பைப் பற்றிப் பேசினார். பழக்கமில்லாத விஷயம், பாட்டு எடுத்துக் கொடுப்பவர் புத்தகத்தில் அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேடுவதற்குள் பிரசங்கம் முடிந்துவிட்டது. ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா என்று இரண்டு மூன்று பேர் விசாரித்தார்கள்.

நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. வண்டிக்காரர் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கமான இடத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். அப்புறம் சுவரில் கையை வைத்து, மெதுவாகத் தேய்த்து, உள்ளங்கையில் ஒட்டிய சுண்ணாம்பைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஆராதனை முழுக்கத் தலை நிமிரவில்லை. நன்றிப் பெருக்கில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று முடிவு செய்தேன். அவர் வந்து நன்றி சொன்னால் என்ன பதில் சொல்வது என்று, அடக்கமாக நாலு வார்த்தைகள்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

வந்தார். செருப்பு விடுகிற இடத்தில் என்னை நிறுத்தினார்.

“தம்பி, அந்த ஆள எங்க எடுத்து வச்சிருக்கிற?”

சுண்ணாம்புக்கு அடியில் இருப்பதை எடுத்து வைக்க முடியாது என்பதை நான் விளக்கினேன். இனிமேல் இந்தக் கோயிலில் நரகம் கிடையாது, அவரை யாரும் குச்சியால் தட்ட மாட்டார்கள், நீங்கள் நிம்மதியாக இருக்கலாம் அக்கா என்றேன். தயார் செய்து வைத்திருந்த நாலு வார்த்தையையும் சேர்த்தே சொன்னேன்.

“வூட்ல அந்த ஆளு போட்டோ ஒண்ணும் இல்ல தம்பி” என்றார். “திண்டிவனம் போயி ரெண்டு பேரும் சேந்து புடிச்சிக்கலாம்னு சொல்லிக்கினே இருந்தாரு. போவறதுக்குள்ள போயிட்டாரு. இங்க வந்தா பாத்துட்டுப் போவேன்.”

“அக்கா, சுத்தி நெருப்பு எரியுதேக்கா.”

“நெருப்ப யாரு தம்பி பாத்தா? நான் மூஞ்சத்தான் பாப்பேன்.”

அப்படியே திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 

அன்று மத்தியானமே ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாருமாகக் கோயிலுக்குப் போனேன். சுண்ணாம்பை மட்டும் பக்குவமாக எடுத்தால் அடியில் வண்டிக்காரர் பத்திரமாக இருப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன். வண்ணப் பொடியை வஜ்ரப் பசையில் குழைத்து எழுதின படம் அது. தண்ணீர் பட்டதும் சுண்ணாம்பும் வந்தது, கன்னமும் கூடவே வந்தது. தூக்கின புருவம் ஒரு நிமிஷம் தெரிந்தது. இதோ கிடைத்துவிட்டார் என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். அதுவும் என் முழங்கையில் செந்நிறமாக வழிந்தது. ஒரு தடவை காமாலையில் போனவரை நான் இரண்டு தடவை கொன்றிருக்கிறேன்.

போதகர் வீட்டுக்குப் போனேன். பெயிண்டரை வைத்து மறுபடி எழுதிவிடலாம், ஆனால் எங்கே எழுதுவது என்பதுதான் பிரச்சினை என்றேன். நரகத்தில் எழுதச் சொன்னால் நான் இத்தனை நாள் பேசினது என்ன ஆவது? மோட்சத்தில் எழுதச் சொன்னால் அவர் இத்தனை வருஷம் பிரசங்கம் செய்தது என்ன ஆவது? இரண்டு பக்கத்து மானத்தையும் காப்பாற்றுகிற மாதிரி, மலையடிவாரத்தில் ஒரு ஓரமாக நிறுத்திவைக்கலாமா என்று, ஒரு நல்ல குமாஸ்தாவுக்கு உரிய யோசனையும் சொன்னேன்.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த ஆளு கடைசியா படுத்துக் கெடந்தப்ப பக்கத்துல நான் இருந்தேன் தம்பி. ஐயா, அங்க எனக்கு எடம் புடிச்சி வச்சிட்டனே, இப்ப இன்னா பண்றதுன்னு கேட்டான். சிரிச்சிக்கினேதான் கேட்டான், ஆனா என் கைய வுடல. அது வெறும் படம்டா, நீ தூங்குன்னு சொன்னேன்.” கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். “மேல போடச் சொல்லு. நல்லா மேலயே போடச் சொல்லு. தப்புன்னா கடவுள் அழிச்சிக்கட்டும். அவர் உன்ன மாதிரி ஒரு வார்த்த கேக்காம அழிக்க மாட்டார்.”

இருபது புத்தகம் படித்து நான் போய்ச் சேர நினைத்த இடத்தில், அந்த நரகப் பிரசங்கி பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அது எனக்குப் புரிந்தது என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். அன்றைக்கு எனக்குப் புரிந்ததெல்லாம் அவர் என் மேல் புகார் கொடுக்கப் போவதில்லை என்பதுதான்.

பெயிண்டர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எதிரில் உட்கார ஆள் இல்லையே என்றார். பிறகு, கூடக் குடித்தவன் முகம் மறக்காது என்று அவரே சொல்லிக்கொண்டு ஏணியில் ஏறினார். மோட்சவாசிகள் போட்டிருக்கிற வெள்ளை அங்கியை வண்டிக்காரருக்கும் மாட்டினார். முகத்துக்கு வந்தபோது சிக்கல். வாயை மூடி எழுதினால் அது யாரோ ஒரு கமிட்டி மெம்பராக வந்தது. மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தார். “அந்த ஆளு வாய மூடி நான் பாத்ததில்ல சார்” என்று வாயைத் திறந்து விட்டார். உடனே வண்டிக்காரர் வந்துவிட்டார். உடைந்த பல், தூக்கின புருவம், எல்லாம் வந்துவிட்டது. மோட்சத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது முறையா என்று நான் கேட்டேன். மலை ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்காதா என்று திருப்பிக் கேட்டார். நியாயமாகப்பட்டது. உச்சிக்குப் பத்துப் படி கீழே, பொருளாளரின் மாமியாருக்கு ஒரு படி மேலே, வண்டிக்காரர் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார். மாமியார் விஷயமாகப் பொருளாளர் என்னோடு பொங்கல் வரை பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் பழையபடி நரகத்துக்குத் திரும்பிவிட்டார். குச்சியும் பழக்க தோஷத்தில் பழைய இடத்துக்கே போனது. அக்கினி, கந்தகம், பற்கடிப்பு என்று அவர் அடுக்க அடுக்க, குச்சி ‘அன்பு’ மேல் டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் பொருத்தமாக இரண்டையும் சேர்த்துப் பிரசங்கித்தவரை நான் பார்த்ததில்லை.

வண்டிக்காரர் மனைவி உள்ளே வந்து வழக்கமான இடத்துக்குப் போகப் பார்த்தார். நான் ஆண்கள் பக்கத்திலிருந்து ஜாடை காட்டினேன். இடம் மாறி, பெண்கள் பக்கத்தில் முன்பாய் வரைக்கும் வந்து, அண்ணாந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். எனக்கு உயிர் வந்தது. ஆராதனை முடிந்ததும் நானே போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒரு மனிதனை நரகத்திலிருந்து மோட்சத்துக்கு மாற்றல் செய்து கொடுத்திருக்கிறேன். எங்கள் ஆபீஸில் இதற்கு எத்தனை பேர் சிபாரிசு வேண்டும்.

“மூஞ்சி அந்த ஆளேதான்” என்றார்.

“சந்தோஷங்க்கா” என்றேன்.

அவர் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாவம், வண்டி போவாத எடத்துக்குப் போவாத மனுசன். இம்மாம் மேட்டுல ஏத்தி வுட்டுட்டியே தம்பி. எப்பிடி மூச்சு வாங்குது பாரு. அங்கன்னா நின்ன எடத்துலயே நிம்மதியா நின்னுக்கினு இருந்தாரு.”